கேமரா நிற்கும் இடம்: ஆவணப்பட முறைகளும் இராமநாதபுரம் கடற்கரையும்

மே மாதத்தில் இராமேசுவரம் மீன்பிடித் துறைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்பதால் தமிழகத்தின் கிழக்குக் கரை நெடுக விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. படகுகளில் மராமத்து நடக்கும், பெயிண்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மே மாதத்தில், வெளியூர்ப் படக்குழு ஒன்றுக்கு உதவியாக நான் அந்தத் துறையில் நின்றேன். படகுகளின் வரிசையை மாலை வெயிலில் நிதானமாக எடுத்தார்கள். படம் முடிந்து வந்தபோது, அந்தக் காட்சியின் மேல் கனத்த குரல் ஒன்று, எல்லைப் பிரச்சினையால் கடலுக்குப் போக வழியின்றி மீனவர் வாழ்வு முடங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. படகுகள் நின்றது உண்மை. எல்லைப் பிரச்சினையும் உண்மை. அந்தப் படகுகள் அன்று நின்றதற்கு எல்லைதான் காரணம் என்பது பொய். கேமரா பொய் சொல்லவில்லை. படத்தையும் குரலையும் ஒட்டிய இடத்தில் அந்தப் பொய் பிறந்தது.

ஆவணப்பட முறைகளைப் பற்றிப் பேசுவது ஏதோ திரைப்படக் கல்லூரிப் பாடம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எடுக்கப்படுகிறவரின் கரையில் நின்று பார்த்தால் அது அப்படித் தெரிவதில்லை. யார் பேசுகிறார், யார் பேச்சுக்கு மேல் யார் பேசுகிறார், படம் எடுப்பவர் தன்னைக் காட்டிக்கொள்கிறாரா மறைத்துக்கொள்கிறாரா, நடந்ததை எடுத்தாரா நடக்கச் சொல்லி எடுத்தாரா என்ற கேள்விகளுக்கு ஒரு படம் தரும் விடைதான் அதன் முறை. பில் நிக்கோல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவற்றை ஆறு வகையாகப் பிரித்தார்: குரல் வழி விளக்குவது, விலகி நின்று கவனிப்பது, எடுப்பவரும் உள்ளே இறங்கிப் பங்கேற்பது, படம் எடுக்கும் செயலையே கேள்விக்கு உள்ளாக்குவது, எடுப்பவரின் சொந்த அனுபவத்திலிருந்து பேசுவது, காட்சியையும் ஒலியையும் கவிதைபோல் கோப்பது. ஒரே படத்துக்குள் இரண்டு மூன்று முறைகள் கலந்து வருவது இயல்பு என்பதால், இவற்றை அடைப்புகளாகக் கொள்ளாமல் சாய்வுகளாகக் கொள்வதே சரி என்று நினைக்கிறேன்.

இந்த முறைகளின் வரலாற்றை மீன்பிடிப் படகுகளின் வழியாகவே சொல்லிவிட முடியும் என்பது கடற்கரைக்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ஆவணப்படத்துக்கு வழங்கும் பெயரை 1926இல் ஒரு பட விமர்சனத்தில் எழுதிப் பரவச் செய்தவர் ஜான் கிரியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1929இல் இயக்கிய ‘டிரிஃப்டர்ஸ்’ வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போகிறவர்களைப் பற்றிய பேசாப்படம். (அது ஐரோப்பாவின் வடகடல், நம் இராமேசுவரத்தார் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வதோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.) அரண்மனைகளையும் பந்தயக் குதிரைகளையும் பார்த்துப் பழகிய பிரிட்டிஷ் திரையில் வலை இழுக்கும் கைகளும் கொதிகலனுக்குக் கரி தள்ளும் உடல்களும் வந்தது பெரிய மாற்றம். அதே நேரத்தில், அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசின் வணிக விளம்பர வாரியம் என்பதையும் மறக்கக் கூடாது. உழைப்பாளியைத் திரைக்குக் கொண்டுவந்த கையே அவனைப் பற்றி அரசு என்ன சொல்ல விரும்பியதோ அதையும் கூடவே கொண்டுவந்தது. 1930களில் ஒலி சேர்ந்தபோது அந்த விருப்பம் ஒரு குரலாக மாறிற்று: முகம் காட்டாத, தயங்காத, எல்லாம் தெரிந்த ஓர் ஆண் குரல்.

அந்தக் குரலை நாம் 1948இல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் வழியாகப் பெற்றோம். எந்தப் படத்துக்குப் போனாலும் அதற்கு முன் அரசின் செய்திப் படமோ ஆவணப்படமோ கட்டாயமாக ஓடிய காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, அணைக்கட்டும் வெள்ளமும் வறட்சி நிவாரணமும் ஒரே தொனியில் காதில் விழுந்தன. ஆவணப்படம் என்றாலே வர்ணனை என்று நம் மனத்தில் பதிந்துபோனதற்கு அதுவே முதல் காரணம். அதற்கு முன்பே தமிழில் வேறு வகையான முயற்சி ஒன்று நடந்திருந்தது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார், உலகின் பல நாடுகளில் யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்தியின் படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 1940இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். பிறர் எடுத்த துண்டுகளைத் தொகுத்து ஒரு வாழ்வைச் சொல்வதும் ஒரு முறைதான். அதிலும் குரல் உண்டு. ஆனால் அந்தக் குரல் கடல் கடந்து அலைந்து சேர்த்த சான்றுகளுக்குப் பின்னால் நடந்தது.

வர்ணனையை வெறுப்பவன் நான் அல்லன். இந்தக் கடற்கரையில் வர்ணனை இல்லாமல் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதுவே நம் மிகப் பெரிய சிக்கலும்கூட. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அந்த நீரின் நடுவே 1974, 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் வரையப்பட்ட எல்லை ஒன்று ஓடுகிறது. முதல் ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போயிற்று. அந்த எல்லையைக் கேமராவால் எடுக்க முடியாது. கல் நட்டிருக்காது, கம்பி வேலி இருக்காது, தண்ணீரின் நிறம் மாறாது. படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியின் எண்களில் மட்டுமே அது இருக்கிறது. எத்தனை மணி நேரம் மௌனமாகக் கடலைக் காட்டினாலும், ஓர் ஒப்பந்தம் இந்தக் கரையின் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்பது பார்ப்பவருக்குப் புரியாது. அங்கே ஒருவர் நிதானமாக விளக்கத்தான் வேண்டும். அப்படி விளக்கும் குரல், கைதுகளைச் சொல்வதோடு நில்லாமல், விசைப்படகின் இழுவை மடி என்ற இழுவலை கடலடியை எப்படி வழித்தெடுக்கிறது என்பதையும், வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள் அதனால் தங்கள் வலைகளை இழந்ததாக முறையிடுவதையும், நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இடையே இந்தக் கரையிலேயே இருக்கும் மனத்தாங்கலையும் சொல்லியாக வேண்டும். பாதியைச் சொல்லிவிட்டு முழுமையின் தொனியில் பேசுவதே வர்ணனை முறையின் தீராத நோய். படத்தில் காட்சி ஒரு பக்கம் சாய்ந்தால் பார்ப்பவர் கவனித்துவிடுவார். குரல் சாய்ந்தால் எளிதில் தெரியாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்து, குரல் எதுவும் இல்லாமலே நிகழலாம். ராபர்ட் ஃப்ளாஹெர்டி 1934இல் அயர்லாந்தின் மேற்கே உள்ள ஆரன் தீவுகளில் எடுத்த ‘மேன் ஆஃப் ஆரன்’ படத்தில், தீவுக்காரர்கள் சிறு படகில் போய்ப் பெரிய சுறாவை ஈட்டி எறிந்து வேட்டையாடுகிறார்கள். திரையில் அது மூச்சடைக்க வைக்கும் காட்சி. ஆனால் அந்த வேட்டை அத்தீவுகளில் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. படத்துக்காக அவர்களுக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. படத்தில் ஒரே குடும்பமாக வருகிறவர்கள் ஒரே குடும்பத்தினரும் அல்லர். கொந்தளிக்கும் அலைக்குள் அவர்களை உண்மையாகவே இறக்கினார்கள் என்பதுதான் இதில் மிகவும் உறுத்துவது. இறந்துபோன வழக்கத்தை நடித்துக் காட்ட, உயிரோடிருப்பவர்கள் உண்மையான ஆபத்தை ஏற்றார்கள். இதற்கு 12 ஆண்டுகள் முன்பு, கனடாவின் வடகோடியில் துப்பாக்கி பயன்படுத்திக்கொண்டிருந்த மக்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்ததும் அதே இயக்குநர்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் கீழக்கரைப் பக்கத்துச் சங்கு குளிக்கிறவர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் சங்ககாலப் பாட்டிலேயே இருக்கின்றன என்ற பெருமையோடு வரும் குழுக்களுக்கு, கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கும் பழைய முக்குளிப்புதான் வேண்டியிருக்கிறது. இன்றைக்கு அந்தத் தொழிலில் இருப்பவர் எதை மாட்டிக்கொண்டு, எந்த ஆழத்துக்கு, யாரிடம் வாங்கிய முன்பணத்துக்காக இறங்குகிறார் என்பது அவர்களுக்குப் படமாகத் தெரிவதில்லை. நடித்துக் காட்டச் சொல்வதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. இது நடித்துக் காட்டியது என்று படமே சொல்லிவிட்டால் கௌரவமான முறைதான். அதைச் சொல்லாமல் விடுவதும், ஐம்பது வயது நுரையீரலை நல்ல வெளிச்சத்துக்காக மூன்றாவது முறை இறங்கச் சொல்வதும்தான் தவறு.

நடக்கச் சொல்லாமல், நடப்பதை மட்டும் எடுப்பது என்ற கொள்கை வலுப்பெற்றது 1960 வாக்கில். அதுவரை ஒலியோடு படம் எடுக்க வேண்டுமானால் கனமான கருவிகளைச் சுமந்து நிறுத்தி, பேசுகிறவரை அதற்கு முன் உட்கார வைக்க வேண்டியிருந்தது. தோளில் வைக்கக்கூடிய 16 மில்லிமீட்டர் கேமராவும், அதோடு இசைந்து ஓடும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் வந்ததும், ராபர்ட் டிரூ என்ற அமெரிக்கரின் குழு ‘பிரைமரி’ படத்தில் தேர்தல் களத்தில் கென்னடியின் முதுகுக்குப் பின்னாலேயே கூட்டத்துக்குள் நடந்து போனது. பேட்டி இல்லை, வர்ணனை மிகச் சொற்பம். ஃபிரெடரிக் வைஸ்மன் அதை இன்னும் கடுமையாக்கினார்: அவர் படங்களில் ஒரு நிறுவனத்துக்குள் பல வாரங்கள் இருந்து எடுத்தவை மட்டும் இருக்கும், யாரும் நமக்கு எதையும் விளக்க மாட்டார்கள்.

இந்த முறை நம் கரைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் ஒரு விடியலில் உணர்ந்தேன். அமாவாசையை ஒட்டிய நாள். பாசி எடுக்கும் பெண்கள் கடலுக்கு இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அறுபது வயதுக்குக் குறையாது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையை மாட்டிப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டார். பழைய வேட்டித் துணியைக் கிழித்த நாடாக்களை மடியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு விரலாகச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். பத்து விரலுக்கும் சுற்றி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை அவிழ்த்து மீண்டும் சுற்றினார், இறுக்கம் சரியில்லை என்று. பிறகு கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்து நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பையை இடுப்பில் கட்டி எழுந்தார். பாசி பாறையில் ஒட்டியிருக்கும், பாறை விரலை அறுக்கும் என்று ஒரு வர்ணனைக் குரல் நான்கு நொடியில் சொல்லிவிடும். அந்தக் கால் மணி நேரத்தை வெட்டாமல் பார்த்தவருக்கு, நாற்பது ஆண்டுகளாக ஒரு கை தன்னைத் தானே காத்துக்கொள்ளக் கற்ற விதம் தெரியும். அது தகவல் அல்ல, அறிமுகம்.

ஆனால் கவனிப்பு முறையின் அப்பாவித்தனமும் அங்கேதான் கலைகிறது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறைகளுக்கும் ஆவுளியா என்ற கடல்பசுவுக்கும் அந்தப் பாதுகாப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே தீவுகளின் ஓரங்களில் தலைமுறைகளாகப் பாசி எடுத்துவந்த பெண்களுக்கு, அன்று முதல் தங்கள் வேலையின் ஒரு பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவர்கள் எந்தத் திசையிலிருந்து, எதைச் சுமந்து கரையேறுகிறார்கள் என்பதை முகம் தெரியப் பதிவு செய்தால் அது ஒரு வழக்கின் சான்றாகவும் ஆகலாம். ‘நான் தலையிடுவதில்லை, நடப்பதை எடுக்கிறேன்’ என்பவர் கேமராவை ஆன் செய்ததுமே தலையிட்டுவிட்டார். வைஸ்மனின் முதல் படமே இதற்குப் பாடம்: சிறைக் காவலோடு இயங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் கொடுமைகளை 1967இல் காட்டிய அந்தப் படத்தை, அங்கிருந்த நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மாசசூசெட்ஸ் நீதிமன்றம் தடுத்தது; பொதுமக்கள் அதைத் தடையின்றிப் பார்க்க 1991 வரை ஆயிற்று. கொடுமையை மறைக்க நினைத்தவர்களுக்கும் அந்தக் காரணம் வசதியாக இருந்திருக்கலாம். என்றாலும், தன் உடல் எடுக்கப்படுவதற்கு ஒப்புதல் தரும் நிலையில் அந்த நோயாளிகள் இருந்தார்களா என்ற கேள்வி பொய்யாகிவிடாது.

இந்தக் கேள்விக்குப் பிரான்சில் வேறொரு விடை பிறந்தது. ஜான் ரூஷும் எட்கர் மொரானும் 1961இல் வெளியிட்ட ‘ஒரு கோடைக்காலத்தின் நாட்குறிப்பு’ படத்தில் ஒளிந்துகொள்ளவில்லை. அவர்களே திரையில் வந்து, பாரிஸ் மக்களிடம் நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள், விவாதிக்கிறார்கள். கடைசியில், எடுத்த படத்தை அதில் வந்தவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் அதைப் பார்த்துச் சொன்னதையும் படத்தில் சேர்த்தார்கள். சிலர் அது செயற்கையாக இருக்கிறது என்றார்கள், சிலர் மிகவும் அந்தரங்கமாக இருக்கிறது என்றார்கள். கேமரா முன்னால் மனிதர் மாறத்தான் செய்வார், அந்த மாற்றமும் உண்மையின் ஒரு பகுதி என்பது இந்த முறையின் அடிப்படை. பேட்டி எடுத்தாலே இந்த முறை ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. தொலைக்காட்சிகள் மைக்கை நீட்டி வாங்கும் இருபது நொடிப் பேச்சில் கேட்பவர் எதையும் பணயம் வைப்பதில்லை.

தனுஷ்கோடியை எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த முறை தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் 100 பேருக்கு மேல் சுமந்தபடி கடலுக்குள் போன கணத்தைக் கேமரா எதுவும் பார்க்கவில்லை. இருப்பது இடிந்த தேவாலயச் சுவர், நிலைய மிச்சம், மணல், அன்று சிறுவர்களாக இருந்து இன்று முதியவர்களாகிவிட்டவர்களின் நினைவு. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு, அந்த தேவாலயத்தைச் சுற்றிச் சுற்றி மேலிருந்து எடுத்த காட்சிகள் கணக்கில்லாமல் பெருகிவிட்டன. சோக இசையைச் சேர்த்துவிட்டால் கவித்துவம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. யூதப் படுகொலையைப் பற்றி க்ளோட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட ‘ஷோவா’ ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதில் பழைய படச்சுருள் ஒரு துண்டுகூடக் கிடையாது. இன்றைய இடங்களையும், அங்கே நின்று பேசுகிறவர்களின் முகங்களையும் மட்டும் வைத்து, இல்லாமல் போனதை அவர் உணர்த்தினார். மனிதன் செய்த கொலையையும் கடல் கொண்ட ஊரையும் நான் ஒப்பிடவில்லை. காட்சி இல்லாத இடத்தில் சாட்சியை எப்படிப் பொறுமையாகக் கேட்பது என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் அலை கிழக்கேயிருந்து வந்தது என்பார், இன்னொருவர் இரண்டு கடலும் சேர்ந்து வந்தது என்பார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து வர்ணனையாக்காமல் இரண்டையும் வைத்திருக்க முடிகிற படமே அந்த இரவுக்கு அருகில் போகும்.

படம் எடுப்பதையே படத்துக்குள் கொண்டுவரும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ தனுஷ்கோடி மீனவர்களை மையமாகக் கொண்டு, கதைப்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் இடைப்பட்ட வடிவத்தில் எடுக்கப்பட்டது. தணிக்கையில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2011இல் அனுமதி பெற்றது. சொந்த அனுபவத்திலிருந்து பேசும் முறைக்கு ஆர். வி. ரமணியின் ‘மை கேமரா அண்ட் சுனாமி’யைவிட நெருக்கமான உதாரணம் தமிழ்க் கரையில் எனக்குத் தெரியவில்லை. 2004 ஆழிப்பேரலையில் தன் கேமராவை இழந்தவர், அந்தக் கேமராவின் நினைவாகவே ஒரு படம் செய்தார். பேரழிவைப் பற்றிய ஆயிரம் செய்திப் படங்கள் காட்டாத ஒன்றை, பார்க்கும் கருவியே போய்விட்ட ஒருவரின் துக்கம் காட்டியது.

மீன்பிடிப் படகு 2012இல் ஆவணப்படத்துக்குள் மீண்டும் வந்தது. லூசியன் கஸ்டாங் டெய்லரும் வெரெனா பாரவெலும் எடுத்த ‘லெவையதன்’ படத்தில், நீர் புகாத சிறு கேமராக்களை மீனவர் உடலில் கட்டினார்கள், கழியில் கட்டித் தண்ணீருக்குள் விட்டார்கள், தளத்தில் குவியும் மீன்களுக்கு நடுவே வைத்தார்கள். விளக்கம் கிடையாது, யார் யார் என்றும் தெரியாது. இரும்புச் சங்கிலியின் இரைச்சலும் இருட்டும் குருதி கலந்த நீரும் மட்டும். அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, விசைப்படகின் எஞ்சின் சத்தத்தைத் தமிழ் ஆவணப்படங்களில் நான் முழுதாகக் கேட்டதே இல்லை என்பது. இசையைப் போட்டு மூடிவிடுகிறோம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் மைக்குக்குத் துணியுறை போட்டாலும் காற்று உள்ளே புகுந்து விடும் என்பதால் ஒலிப்பதிவாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்தக் காற்றால்தான் தென்கடலில் தொழில் நின்று வள்ளங்கள் வடகடலுக்கு மாறுகின்றன. அதைக் குறை என்று அழித்துவிடும் படம், கதையின் காரணத்தையே அழித்துவிடுகிறது. அதே வேளையில், ‘லெவையதன்’ பார்த்து முடித்தபின் அந்த மீனவர்களின் கூலி என்ன, படகு யாருடையது என்று ஒன்றும் தெரியாமலே எழுந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லை, கடன், சிறை என்று இத்தனை சுமந்து நிற்கும் கரைக்கு அந்த மௌனம் மட்டும் போதாது.

சின்னப்பாலத்தில் நாங்கள் எடுத்த படத்தின் முதல் தொகுப்பை, ரூஷ் செய்ததை நினைத்துக்கொண்டு, அந்தப் பெண்களுக்கே ஒரு மாலையில் போட்டுக் காட்டினோம். ஒரு வீட்டுத் திண்ணைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தோம். நான் எழுதிய வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. விரலில் துணி சுற்றிய அதே அம்மா எழுந்து வந்து திரையைத் தொட்டார். “தம்பி, மரிக்கொழுந்துன்னு சொல்றீக, இந்தா கையில இருக்கிறது கஞ்சிப்பாசி. மரிக்கொழுந்து பாறையோட பாறையா கெடக்கும், அதுக்குத்தான் வெரல்ல துணி. வெலையும் அதுக்குத்தான் கூட. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீகளே” என்றார். பின்னாலிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பேசத் தொடங்கினார்கள். எந்தப் பாசி எந்தத் தீவோரம் கிடைக்கும், எது குறைந்துவிட்டது, எந்த வியாபாரி எடையில் என்ன செய்கிறார் என்று ஒரு மணி நேரம் ஓடிற்று. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. தீவுகளின் பெயர்களை நீக்கிவிட வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள், நீக்கினோம். என் வர்ணனை இருந்த ஏழு நிமிடத்தையும் எடுத்துவிட்டு, திரையைத் தொட்டபடி அவர் திருத்தும் அந்தக் குரலைப் பாசிக் காட்சியின் மேல் வைத்தோம்.